எல்பே ஆற்றங்கரையில் ஒரு புரட்டாதிச் சனி

1

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. வழுக்கியாறு இருக்கிறதே என்று வாசிக்கிறவர்களில் யாராவது கையைத் தூக்குவீர்கள். மாரியில் கொஞ்ச நாள் ஓடிவிட்டு மற்ற மாதங்களில் மாடு மேய்கிற தரவையாகக் கிடப்பதை நான் ஆறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்த நாங்கள், ஆற்றங்கரையில் போய்ப் படுத்து எழும்புவதற்கென்றே ஒரு வண்டி வாங்கியிருக்கிறோம். ஜெர்மன்காரர் அதை வொன்மொபில் என்பார்கள். என் கணவர் யோகநாதன் வீட்டுவண்டி என்று பெயர் வைத்திருக்கிறார். உள்ளே கட்டில், இரண்டு காஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு குளியலறை. எல்லாம் சேர்ந்து ஏழு மீற்றர்.

ஊரில் இருக்கும் தங்கைக்குப் படம் அனுப்பினேன். "அக்கா, வீடு இருக்கேக்கை ஏன் வாகனத்துக்கை படுக்கிறியள்? அத்தானோடை ஏதும் பிரச்சினையோ?" என்று பதில் வந்தது.

வண்டியை ஓட்டுவது நான்தான். டுசல்டோர்ஃபில் பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறேன். நடுவில் மடிகிற பதினெட்டு மீற்றர் பேருந்து. அதை ஓட்டுகிறவளுக்கு வீட்டுவண்டி சைக்கிள் மாதிரி. எல்பே ஆற்றங்கரையில் வீட்டுவண்டிகள் நிறுத்தித் தங்கும் முகாமுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், அங்கிருந்த பொறுப்பாளர் இவரைப் பார்த்து, பின்னுக்கு எடுக்க உதவி வேண்டுமா என்று கேட்டார். இவர் என்னைக் காட்டினார். பக்கத்து வண்டிகளில் இருந்து இரண்டு பேர் வேடிக்கை பார்க்கக் கோப்பித் தம்ளரோடு இறங்கி வந்தார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரே எடுப்பில் விட்டு, சில்லுக்குக் கீழே ஆப்பு வைத்து மட்டம் பார்த்து, மின்சார வயரைக் கொழுவினேன். அவர்கள் கோப்பியைக் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

பிறகு படிவம். வண்டி இலக்கம், எத்தனை பேர், நாய் உண்டா, கூடாரம் உண்டா, எத்தனை இரவு. இந்த நாட்டில் புல்லில் படுப்பதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. முதல் வருடங்களில் படிவத்தைக் கண்டால் எனக்குக் கை வியர்க்கும். இப்போது பேனையை நானே கொண்டுபோகிறேன்.

2

நாங்கள் அங்கே போனது ஆற்றுக்காக மட்டுமல்ல. அக்கரையில் ஒரு பறவைக் காப்பகம் இருக்கிறது. எங்கள் ஒரே மகள் ஆரணி அங்கே வேலை செய்கிறாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்குப் பெரிய பாடு.

"மகள் என்ன படிச்சவா?"

"பறவை."

"ஓ, மிருக டொக்டரோ?"

"இல்லை அக்கா. சும்மா பறவை."

அதோடு அந்த அக்கா தன் மகனின் வங்கி உத்தியோகத்துக்குப் போய்விடுவா.

ஆரணிக்குக் காப்பகத்தில் ஒரு வருட ஒப்பந்தம். ஐப்பசியோடு முடிகிறது. அதே வேலை நிரந்தரமாக ஒருவருக்குக் கொடுக்கப்பட இருந்தது. அவளும் இன்னொரு பெடியனும் கேட்டிருந்தார்கள். நாங்கள் போன கிழமைக்கு அடுத்த திங்கள், காலை பத்து மணிக்கு அவளுக்கு டெர்மின், அதாவது நேரம் குறித்த சந்திப்பு. முடிவு சொல்லப்போவது நிலையத் தலைவி ஃப்ரௌ பிராண்ட்.

தலைவிக்கு ஆரணியில் ஒரே ஒரு குறை. பறவைகளை நன்றாகத் தெரிந்த பிள்ளை, ஆனால் மனிதர்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளை. கோடையில் ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டு, பறவை கூடு கட்டும் கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆரணி அவரோடு இனிமையாகப் பேசி, பதிவுப் புத்தகத்தில் எழுதாமல் அனுப்பிவிட்டாள். அது தலைவிக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, நான் மெத்தனமாம்," என்று தொலைபேசியில் சொன்னாள். "எனக்கு ஆக்களை ஏசிப் பேச ஏலாது. என்ன செய்ய?"

வேலை கிடைக்காவிட்டால் டுசல்டோர்ஃபுக்குத் திரும்பி வந்து ஏதாவது அலுவலக வேலை தேடுவதாகச் சொன்னாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிடைக்காவிட்டால் நல்லதுதானே, பிள்ளை தன் அறைக்கு வந்துவிடுவாள் என்று என் மனத்தின் ஒரு பக்கம் சொன்னது. கிடைத்தால் ஐந்து மணித்தியாலத் தூரத்தில் அவள் அங்கேயே வேர்விட்டுவிடுவாள். அந்தப் பக்கத்தை வாயை மூடச் சொல்லிவிட்டு, வேலை கிடைக்க வேண்டும் என்று விரதம் பிடித்தேன்.

3

தங்கைதான் ஊரில் சாத்திரம் கேட்டவள். ஆரணிக்கு ஏழரைச் சனியாம். புரட்டாதிச் சனி நாலும் தாய் பிடித்தால் போதுமாம். நான் சாத்திரத்தை அவ்வளவு நம்புகிறவள் அல்ல. ஆனால் பிள்ளையின் விசயத்தில் ஒரு சனியை விட்டுவைப்பதற்கும் எனக்குத் துணிவில்லை.

புரட்டாதிச் சனி தெரியாத இளம் ஆட்களுக்குச் சொல்கிறேன். காலையில் முழுகி, சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, மரக்கறி சமைத்து, முதல் கவளத்தைக் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் தின்ற பிறகுதான் நாங்கள் தின்னலாம். எங்கள் ஒழுங்கையில் அன்றைக்குக் காகங்கள் படுகிற பாடு கொஞ்சமல்ல. வீட்டுக்கு வீடு படையல். பதினொரு மணிக்கே வயிறு முட்டி, கூப்பிடக் கூப்பிடத் திரும்பியும் பாராமல் வேலியில் குந்திக்கொண்டிருக்கும். அம்மா பசியில் அதுகளைப் பேசுவா. பேசிவிட்டுப் பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்ளுவா.

டுசல்டோர்ஃபில் பிரச்சினை இல்லை. பேருந்துகள் நிற்கும் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு காகக் கூட்டம் இருக்கிறது. என் மஞ்சள் பையைக் கண்டாலே இறங்கி வரும். முதல் இரண்டு சனியும் அப்படியே சுகமாகப் போயின.

மூன்றாம் சனி இந்த ஆற்றங்கரையில். பத்து மணிக்குள் இரண்டு அடுப்பில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய் எல்லாம் முடித்தேன். ஒரு துண்டு வாழையிலையில் எள்ளும் தூவிப் படைத்து, வண்டிக்கு வெளியே மடக்கு மேசையில் வைத்தேன். காகம் இல்லை. நாய்கள் இருந்தன, பிள்ளைகளின் பட்டங்கள் இருந்தன, காற்று இருந்தது. பன்னிரண்டாகியது. ஒன்றாகியது. எனக்குத் துணையாக விரதம் பிடித்த இவருக்குக் கண் உள்ளே போய்விட்டது.

"இஞ்சேரும், அங்கை சிட்டுக்குருவி நிக்குது. அதுக்கு வைச்சா என்ன? சனீஸ்வரன் கோவிப்பாரே?"

"அவர் குருவியிலையோ வாறவர்? பேசாமல் இருங்கோ."

"அப்ப ஜெர்மன் காகத்துக்கு சனிக்கிழமை லீவு போலை."

இரண்டு மணிக்கு ஆரணி பார்வையாளர்களைக் காப்பகத்துக்குள் கூட்டிப்போகிற நடை. வரச் சொல்லியிருந்தாள். படையலை இலையோடு சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு, ஆட்களை ஏற்றி ஆற்றைக் கடக்கிற படகுப்பாதையில் அக்கரைக்குப் போனோம்.

4

பச்சை மேற்சட்டை, மார்பில் பெயர் அட்டை, முதுகில் ஒரு பை. பதினைந்து பேருக்கு முன்னால் என் பிள்ளை நின்று பேசினாள். எங்களைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள், அவ்வளவுதான். பாதையை விட்டு இறங்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது, எந்த உயிருக்கும் எதுவும் தின்னக் கொடுக்கக்கூடாது என்று அவள் தொடக்கத்திலேயே சொன்னாளாம். நான் அங்கேதான் நின்றேன். ஒரு சொல் காதில் ஏறவில்லை. அவள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலுக்குப் பதினைந்து ஜெர்மன்காரர் வாய் திறக்காமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காதில் ஏறியிருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. தின்னக் கொடுக்காதே என்பது வாத்துக்குப் பாண் எறிகிறவர்களுக்குச் சொல்வது. காகத்துக்குச் சோறு வைப்பதைத் தீனி போடுவது என்று எங்கள் ஆட்களில் யாராவது நினைத்திருக்கிறோமா?

ஈரப் புல்வெளியின் ஓரத்தில் ஒரு மரக் குடில். சுவரில் நீளமான துளைகள், அதனூடாகப் பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து வருகிற காட்டு வாத்துகளில் முதல் கூட்டம் அந்தக் கிழமைதான் இறங்கியிருந்தது. சில நூறு இருக்கும். புலம்பெயர்ந்தவள் எழுதுகிறாள், இப்போது அந்த வாத்துகளையும் எங்களையும் ஒப்பிட்டு ஒரு பந்தி வரும் என்று நீங்கள் காத்திருந்தால், வராது. அதுகள் பங்குனியில் ஒரு விசாவும் இல்லாமல் வீட்டுக்குப் போய்விடும்.

எல்லாரும் பைனாகுலரைக் கண்ணில் வைத்து மூச்சடக்கி நின்றார்கள். இவர் அதைத் தலைமாறிப் பிடித்துக்கொண்டு, "சரியான தூரத்திலை நிக்குதுகள்" என்று கிசுகிசுத்தார். எனக்குப் பசியில் தலை சுற்றியது. காற்றுப் பட வெளியே வந்தேன்.

அங்கேதான் கண்டேன். கம்பி வேலியில் மூன்று காகங்கள். டுசல்டோர்ஃபில் காகம் முழுக் கறுப்பு. இதுகள் சாம்பல். எல்பேக்குக் கிழக்கே இந்தச் சாம்பல் காகம்தான் என்று பிறகு ஆரணி சொன்னாள். எங்கள் ஊர்க் காகத்துக்குக் கழுத்து மட்டும் சாம்பல், இதுகளுக்கு உடம்பே சாம்பல். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியவில்லை. முப்பது வருடத்துக்குப் பிறகு எங்கள் காகத்தைக் கண்டேன். 

பாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு மேலால் எட்டி, இலையை வேலிக்கட்டையில் விரித்தேன். கும்பிட்டேன். பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டினேன். பிறகு கூப்பிட்டேன்.

"கா! கா! கா!"

பேருந்தின் பின்கதவில் நிற்கிறவர்களுக்கு முன்னாலிருந்தே கேட்கப் பேசிப் பழகிய தொண்டை. மூன்று காகமும் பறந்து வந்தன. ஒன்று பூசணிக்காயைத் தூக்கியது, மற்றது சோற்றைக் கொத்தியது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

அப்போது குடிலுக்கு அந்தப் பக்கம் பெரிய இரைச்சல் எழும்பியது. சில நூறு வாத்துகளும் ஒரே நேரத்தில் மேலே எழும்பி, கத்திக் கத்தி ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. புல்வெளி வெறுமையாகிவிட்டது.

5

முதலில் வெளியே வந்தவர் ஒரு கை நீளக் கமராவோடு ஒருவர். காலையிலிருந்தே குடிலுக்குள் காத்திருந்தவராம், முகம் சிவந்திருந்தது. பின்னால் மற்றவர்கள். கடைசியாக ஆரணி. வேலிக்கட்டையைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கமராக்காரர் அவளிடம் கேட்டார், இதைப் பதிவுசெய்வீர்களா, இல்லையா என்று.

இவர் மெல்ல அவள் பக்கம் சரிந்து தமிழில் சொன்னார். "பிள்ளை, அம்மா எண்டு காட்டிக்கொள்ளாதை. ஆரோ ஒரு பொம்பிளை எண்டு விடு. நாங்கள் இப்பிடியே போறம்."

ஆரணி பையிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்தாள். திறந்தாள். பேனை தாளில் படவில்லை. எனக்கு அந்தத் தயக்கம் தெரியும். தெரிந்த ஆட்கள் என் பேருந்தில் ஏறி, "நாங்கள்தானே அக்கா" என்று சீட்டு எடுக்காமல் சிரித்துக்கொண்டு போகப் பார்க்கும்போது நானும் முதல் தடவைகளில் அப்படித் தயங்கியிருக்கிறேன். பேசாமல் விட்டால் அன்றைக்குச் சுகம். அடுத்த நாள் கதிரையில் இருக்க உடம்பு கூசும்.

"எழுது ஆரணி," என்றேன். பிறகு எல்லோருக்கும் விளங்க ஜெர்மனிலும் சொன்னேன், செய்தது நான்தான், எழுதட்டும் என்று.

கமராக்காரர் அவளைப் பார்த்தார். இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"என் அம்மா," என்றாள் ஆரணி.

அவள் எழுதத் தொடங்கினாள். முழுப் பெயர் கேட்டாள். பிறந்த திகதி கேட்டாள். விலாசம் கேட்டாள். தான் பிறந்து வளர்ந்த வீட்டின் விலாசத்தை, வீதி, இலக்கம், தபால் குறி என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டு எழுதினாள். நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு நிமிர்ந்து நின்று, இங்கே எதற்கும் உணவு வைக்கக்கூடாது, சத்தம் போட்டு எழுப்பினால் தூரத்திலிருந்து களைத்து வந்த பறவைகள் இன்னும் களைத்துப்போகும் என்று அந்தப் பதினைந்து பேருக்கு முன்னால் எனக்குச் சொன்னாள். குரலில் தயக்கம் இல்லை. இந்தத் தடவை அவள் சொன்னதைக் கேட்டேன்.

திரும்பி வரும் வழியில், படகுப்பாதையின் நடுவில் வைத்து இவர் சொன்னார். "உம்மடை காகத்தாலை பிள்ளையின்ரை வேலை போகப்போகுது." காகம் தின்றுவிட்டது, விரதப்படி நான் சாப்பிடலாம். சாப்பிட முடியவில்லை. முகாமில் எங்களுக்குள் பெரிய சண்டை வருவது கழிவறைத் தாங்கியை யார் கொண்டுபோய் ஊற்றுவது என்பதில்தான். அன்றைக்கு நானே கொண்டுபோனேன்.

ஞாயிறு காலை ஆரணி சைக்கிளில் வந்தாள். படியில் குந்தியிருந்து, முதல் நாள் மிஞ்சிய பழங்கறியைச் சூடாக்கச் சொல்லிச் சாப்பிட்டாள்.

"உங்களுக்கு விசரே அம்மா? நான் சொன்னதை நீங்கள் கேக்கேல்லையோ?"

"நீ கதைச்ச வடிவைப் பாத்துக்கொண்டு நிண்டன். என்ன சொன்னனி எண்டு விளங்கேல்லை."

அவள் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் தாய்மார் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதில்லை, ஒரு கரண்டி கறி கூடப் போடுவார்கள். நான் இரண்டையும் செய்தேன்.

"நாளைக்கு என்ன நடக்குமோ தெரியாது," என்று சொல்லிச் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

6

திங்கள் நான் வேலையில். பத்து மணிக்கு டெர்மின் என்றால் பதினொன்றுக்குள் சேதி வர வேண்டும். பேருந்தில் தொலைபேசி தொடக்கூடாது, அது என் சட்டம். பதினொன்று இருபதுக்குக் கடைசித் தரிப்பில் கதவைப் பூட்டிவிட்டு எடுத்தேன். ஆரணியின் நாலு தவறிய அழைப்புகள். திருப்பி எடுத்தேன்.

"அம்மா, ஃப்ரௌ பிராண்ட் அந்தப் புத்தகத்தை மேசையிலை திறந்து வைச்சிருந்தவா."

"பிறகு?"

"இது உன்ரை அம்மாவோ எண்டு கேட்டவா. ஓம் எண்டனான். ஏன் எழுதினனி எண்டு கேட்டவா. அம்மா செய்தவா, அதாலை எழுதினனான் எண்டு சொன்னன். பிறகு புத்தகத்தை மூடிப்போட்டு ஒப்பந்தத்தை எடுத்தவா."

"நிரந்தரமோ?"

"நிரந்தரம் அம்மா!"

காலியான பேருந்தில் ஓட்டுநர் கதிரையில் இருந்து அழுதேன். சந்தோசத்தில் அழுதேன் என்றுதான் இவரிடம் சொன்னேன். பாதிதான் சந்தோசம். என் பிள்ளை இனி வீட்டுக்கு வரமாட்டாள், விடுமுறைக்கு வருவாள். அதற்காகத்தான் பட்டினி கிடந்தேன் என்று தெரிந்தே கிடந்தவள் நான். தெரிந்து செய்தால் வலிக்காது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இவருக்குச் செய்தி சொன்னபோது, "பாத்தீரே, காகம் எண்டால் காகம்தான்," என்றார். படகுப்பாதையில் பேசியது அவருக்குச் சுத்தமாக மறந்துவிட்டது.

வியாழக்கிழமை ஒரு கடிதம் வந்தது. காப்பகத்தின் முத்திரை. ஆரணி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எங்களுக்கு வருகிற அலுவலகக் கடிதமெல்லாம் அவள்தான் வாசித்துச் சொல்லுவாள். பத்து வயதில் எங்களின் அன்ட்ராக், அதுதான் விண்ணப்பப் படிவங்கள், எல்லாம் அவள் நிரப்பியவை. சில கடிதங்களில் இருந்த கெட்ட சேதியை எங்களுக்குச் சொல்லாமல் பாதியை விழுங்கியதும் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை ஒருவர் உதவியும் இல்லாமல் நானே வாசித்தேன். இன்ன நாள், இன்ன நேரம், பாதுகாக்கப்பட்ட பகுதியில் காகங்களுக்குச் சோறு இட்டு, சத்தமிட்டு, ஓய்விலிருந்த பறவைகளைக் குழப்பியதற்காக எழுத்து மூலம் எச்சரிக்கப்படுகிறீர்கள். ஒரு சொல்லும் விழுங்கப்படவில்லை. கீழே நட்பார்ந்த வணக்கங்களுடன் என் மகளின் கையொப்பம். எங்கள் விலாசத்துக்கு அவள் அனுப்பிய முதல் கடிதம் இதுதான்.

உறைக்குள் ஒரு சின்ன மஞ்சள் துண்டும் இருந்தது. பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் அழுதழுது பழகிய அதே குண்டு எழுத்து.

"அம்மா, நான் இருக்கிற வீட்டுப் பின்வளவுக்குச் சாம்பல் காகம் ரெண்டு ஒவ்வொரு நாளும் வருது. அது காப்பகத்துக்கு வெளியிலை. வீட்டுக்காரரிட்டைக் கேட்டிட்டன், பிரச்சினை இல்லையாம். கடைசிச் சனிக்கு வாங்கோ. கத்த வேண்டாம், அதுகள் தானா வரும்."

கடிதத்தின் கீழ்ப்பகுதியைக் கையொப்பமிட்டு ஏழு நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தது. கையொப்பமிட்டேன். தபாலில் போடவில்லை. சனிக்கிழமை கையில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.